எல்லைக் கிராமங்களுக்குத் தொலைக் கணிப்பொறி

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடைந்தால், கேரளத்தின் தெற்கு எல்லை நெருங்கிவிடும். அடுத்து வருவது தமிழ்நாட்டின் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு வரையப்பட்டதேயன்றி மக்களின் பேச்சும் உறவும் சந்தையும் பிரிந்துவிடவில்லை. பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், வெள்ளறடை முதலிய ஊராட்சிகளில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கி வருகின்றன.

மாநிலத் தலைநகரம் இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. 1979 முதல் ரயில் வசதியும் உண்டு. எனினும், வலிமை மிக்க கணிப்பொறி ஒன்றில் அமர்ந்து பணிசெய்யும் வாய்ப்பு தலைநகரத்து மாணவனுக்கும் எல்லைக் கிராமத்து மாணவனுக்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. இவ்விடைவெளியைக் குறைக்கக்கூடிய ஒரு முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி ஒன்றைத் தொலைவில் வைத்து, அதன் முழுத் திரையையும் சாதாரண இணைய உலாவியின் வழியே கிராமத்திலிருந்து இயக்குவதே அம்முறை.

கேரளம் இட்ட அடித்தளம்

இம்முறைக்கு வேண்டிய கூறுகள் பலவும் கேரளத்தில் ஏற்கெனவே உள்ளன. 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்பியது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளையே அடிப்படையாகக் கொள்வதென்ற கொள்கை நாளடைவில் பள்ளிகளில் நிலைபெற்றது. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருவெடுத்தது. அந்நிறுவனம் உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனத் தனி இயக்க முறைமையை ஆக்கி வழங்குகிறது. ஆகவே, லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா, கிம்ப் முதலிய மென்பொருள்கள் இப்பகுதி மாணவர்களுக்குப் புதியன அல்ல.

இணைப்பைப் பொறுத்தவரை, கேரளக் கண்ணாடி இழை வலையமைப்பான 'கே-ஃபோன்' 2023 ஜூன் 5ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. மாநில மின்வாரியத்தின் தடங்களைப் பயன்படுத்தி இழைகளைக் கொண்டு செல்லும் இத்திட்டம், 30,000 அரசு அலுவலகங்களையும் பொருளாதாரத்தில் பின்தங்கிய 20 லட்சம் குடும்பங்களையும் இலக்காகக் கொண்டது. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சயா மையங்களும் ஊர்தோறும் கணிப்பொறிச் சேவையை வழங்கி வருகின்றன.

அவ்வாறாயின் குறை எங்கே உள்ளது? 2020 அதனை வெளிப்படுத்திற்று. நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஜூன் 1ஆம் நாள் 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கின. அவ்வேளையில் தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் மாநிலமெங்கும் சுமார் 2.6 லட்சம் பேர் எனக் கண்டறியப்பட்டது. பொதுமக்களும் அரசும் சேர்ந்து பெரும்பாலோருக்குக் கருவிகளைத் திரட்டித் தந்தனர். ஆனால் பல வீடுகளைச் சென்றடைந்தவை கைப்பேசியும் சிறு பலகைக் கணினியுமே. அவற்றில் பாடம் பார்க்கலாம்; பள்ளியின் லினக்ஸ் கணிப்பொறியில் செய்த பயிற்சியைத் தொடர இயலாது. பாடத்தைப் பார்ப்பது வேறு, பணியைச் செய்து பழகுவது வேறு.

திரை ஓரிடம், பொறி ஓரிடம்

தொலைவிலுள்ள கணிப்பொறியைத் தன்னிடத்திலிருந்து இயக்கும் எண்ணம் புதியதன்று. பெருங்கணிப்பொறிகளின் காலத்தில் ஒரே பொறியுடன் பல முனையங்கள் இணைக்கப்பட்டன. 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'எக்ஸ் விண்டோ' முறை, ஒரு கணிப்பொறியில் இயங்கும் நிரலின் சாளரத்தை மற்றொரு கணிப்பொறியின் திரையில் காட்ட வழிசெய்தது. பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தினர் 'வி.என்.சி.' என்னும் எளிய முறையை ஆக்கி, 1998இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டனர்.

வி.என்.சி.யின் கருத்து மிக எளிது. தொலைவிலுள்ள பொறி தன் திரையின் படத்தை அனுப்புகிறது. நம்மிடமுள்ள கருவி அதனை வரைந்து காட்டுகிறது. நாம் அழுத்தும் விசைகளும் சுட்டியின் அசைவுகளும் எதிர்த்திசையில் செல்கின்றன. கணக்கிடுவதும் கோப்புகளைச் சேமிப்பதும் தொலைவிலுள்ள பொறியின் வேலை. நம் கருவிக்குப் படத்தை வரையும் ஆற்றல் இருந்தால் போதும். பத்தாண்டு பழமையான பள்ளிக் கணிப்பொறியும் இதற்குப் பயன்படும்.

தொலைவிலுள்ள பொறிக்குத் திரையே இருக்க வேண்டுமென்பதில்லை. லினக்ஸ் தொடக்கத்திலிருந்தே பல பயனாளர்களுக்காக அமைக்கப்பட்டது. ஆகவே ஒரே பொறியில் ஒவ்வொருவருக்கும் நினைவகத்திற்குள்ளேயே ஒரு கற்பனைத் திரையை ஆக்க முடியும். பதின்மர் இணைந்தால் பத்துத் திரைகள். ஒருவர் கோப்பை மற்றொருவர் காண இயலாது.

உலாவி வாயிலாக வந்த வழி

முதலில் இதற்கெனத் தனி மென்பொருளை ஒவ்வொரு கருவியிலும் நிறுவ வேண்டியிருந்தது. உலாவியில் ஜாவா துணை நிரல் மூலம் காணும் வசதி தொடக்கக் காலத்திலேயே இருந்ததுண்டு. ஆனால் பாதுகாப்புக் குறைகள் காரணமாக 2015ஆம் ஆண்டிற்குப்பின் முன்னணி உலாவிகள் அத்தகைய துணை நிரல்களைக் கைவிட்டன.

அதற்கு மாற்று முன்னரே உருவாகியிருந்தது. இணையப் பக்கத்தினுள் படம் வரைய 'கேன்வாஸ்' என்னும் பரப்பு உலாவிகளில் இடம்பெற்றது. பக்கத்தை மீண்டும் மீண்டும் கோராமல் இருபுறமும் தொடர்ந்து செய்தி பரிமாற 'வெப் சாக்கெட்' என்னும் நெறிமுறை 2011 டிசம்பரில் தரப்படுத்தப்பட்டது. இவ்விரண்டையும் கொண்டு எழுதப்பட்டதே 'நோவிஎன்சி' என்னும் கட்டற்ற மென்பொருள்.

இங்கு ஓர் இடைத்தரகர் தேவைப்படுகிறார். பாதுகாப்புக் கருதி, உலாவி எந்தப் பொறியுடனும் நினைத்தவாறு நேரடித் தொடர்பு கொள்ள அனுமதிக்கப்படுவதில்லை; வெப் சாக்கெட் வழியாகவே அது பேசும். வி.என்.சி.க்கோ அம்மொழி தெரியாது. இரண்டிற்கும் நடுவே நின்று செய்தியை மாற்றித்தரும் சிறு நிரலுக்கு 'வெப்சாக்கிஃபை' என்று பெயர். இதே பணியை விரிவாகச் செய்வது 'அப்பாச்சி குவாக்கமோலி' என்னும் நுழைவாயில் மென்பொருள். அது வி.என்.சி.யுடன் மைக்ரோசாஃப்ட்டின் ஆர்.டி.பி., எழுத்து முனையத்திற்கான எஸ்.எஸ்.எச். ஆகியவற்றையும் அறியும். பயனாளர் பட்டியல், அனுமதிகள், வருகைப் பதிவேடு ஆகியவற்றையும் பேணும். ஓரிருவர் பயன்பாட்டிற்கு நோவிஎன்சி போதும். பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ குவாக்கமோலி போன்றதே ஏற்றது.

தடத்தின் அளவும் தொலைவும்

கிராமத்து இணைப்பு இதனைத் தாங்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. கணக்கிட்டுப் பார்க்கலாம். 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் 7,86,432 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம் ஒரு முழுப் படத்திற்கு ஏறத்தாழ 23.6 லட்சம் பைட், அதாவது சுமார் 19 மெகாபிட் தேவை. வினாடிக்கு 25 முறை அனுப்புவதாயின் 470 மெகாபிட்டிற்கு மேல் வேண்டும். சாதாரணக் கிராமத்து இணைப்பு இதனைத் தாங்காது.

ஆயினும் நடைமுறையில் இவ்வளவும் அனுப்பப்படுவதில்லை. திரையில் மாறிய பகுதி மட்டுமே சுருக்கப்பட்டுச் செல்கிறது. கடிதம் தட்டச்சு செய்யும்போது மாறுவது ஓர் எழுத்தின் இடமே. ஆகவே எழுத்துப் பணி, அட்டவணைப் பணி, நிரல் எழுதுதல் ஆகியவற்றிற்குச் சிறிய இணைப்பே போதுமானது. ஓடும் படங்களைப் பார்த்தால்தான் திரை முழுதும் ஓயாது மாறும். சராசரியாக வினாடிக்கு 1 மெகாபிட் செலவானால் ஒரு மணி நேரத்திற்கு 450 மெகாபைட் ஆகும் என்பதைக் கைப்பேசி இணைப்பைப் பயன்படுத்துவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அளவைவிட முதன்மையானது தாமதம். விசையை அழுத்தியபின் எழுத்து திரையில் தோன்றுவதற்குச் செய்தி சென்று திரும்ப வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. திருவனந்தபுரத்தில் பொறி இருப்பின், போக வர 60 கிலோமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு வினாடிகூடத் தேவையில்லை. இடைப்பட்ட கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் மனிதன் உணரும் அளவிற்கு வராது. அதே பொறி 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்காவில் இருக்குமாயின், ஒளியின் பயணத்திற்கே 140 மில்லி வினாடி செல்லும். உண்மைத் தாமதம் அதனினும் மிகும். ஒவ்வோர் எழுத்தும் தயங்கித் தோன்றும். ஆகவே, எங்கோ கிடைக்கும் மலிவான வாடகைப் பொறியைவிட, அருகிலுள்ள சொந்தப் பொறியே கற்பவனுக்கு நன்மை பயக்கும்.

மொழிச் சிக்கலுக்குத் தீர்வு

எல்லைக் கிராமங்களுக்கு இம்முறை தரும் தனிப் பயன் மொழியைச் சார்ந்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும், தம் மொழியிலேயே பதில் பெறவும் வகை செய்கிறது. சட்டம் தந்த உரிமை நடைமுறைக்கு வர வேண்டுமாயின், அலுவலகக் கணிப்பொறியில் தமிழ் எழுத்துருவும் தமிழில் தட்டச்சு செய்யும் வசதியும் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பொறியிலும் தனித்தனியே இவற்றை நிறுவுவது, அடிக்கடி விடுபட்டுப்போகும் வேலை. தொலைப் பொறியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையும் அனைவருக்கும் அது கிட்டும். எழுத்துகள் படமாகவே வந்து சேர்வதால், பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் குறையில்லை.

மத்திய அரசு தரப்படுத்திய 'இன்ஸ்கிரிப்ட்' விசைப்பலகையும் இங்குப் பெரிதும் உதவும். இந்திய மொழிகள் பெரும்பாலானவற்றில் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது அதன் நெறி. மலையாளத்தில் 'க' ஒலிக்குரிய விசையே தமிழிலும் 'க' ஆகும். பள்ளியில் மலையாள இன்ஸ்கிரிப்ட் பழகிய மாணவன், சிறு பயிற்சியுடன் தமிழையும் எழுதிவிடலாம். இருமொழிப் பகுதிக்கு இதனினும் ஏற்ற முறை அரிது.

நடைமுறையில் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். முதலாவது, தமிழ் உள்ளீட்டைத் தொலைப் பொறியில் 'ஐபஸ்' போன்ற நிரலின் மூலம் அமைத்து, நம் கையிலுள்ள கருவியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட வேண்டும். இருபுறமும் தமிழை அமைத்தால் எழுத்துகள் குழம்பும். இரண்டாவது, வி.என்.சி.யின் பழைய நெறிமுறை வெட்டி ஒட்டும் வசதியில் ஐரோப்பிய எழுத்துகளை மட்டுமே ஏற்றது. பழைய பதிப்புகளில் தமிழ்ப் பகுதியை ஒட்டினால் கேள்விக்குறிகள் வருவதன் காரணம் இதுவே. யூனிகோடை ஏற்கும் புதிய பதிப்புகளை நிறுவுவதே தீர்வாகும்.

அமைக்கும் முறை

இனிக் கூறப்படுவது ஒரு செயல்முறை வரைவு. ஏதேனும் ஓர் ஊரில் நடந்ததன் அறிக்கையன்று. 32 ஜி.பி. நினைவகம் கொண்ட ஒரு பொறியை எடுத்துக்கொள்வோம். அடிப்படை இயக்கத்திற்கு 4 ஜி.பி. ஒதுக்கி, ஒருவருக்கு 2 ஜி.பி. வீதம் கணக்கிட்டால் ஒரே வேளையில் 14 பேர் பணிசெய்யலாம். முதலாவதாக அதில் உபுண்டு, டெபியன், அல்லது சிடாக் நிறுவனத்தின் 'பாஸ்' ஆகிய லினக்ஸ் வகைகளுள் ஒன்றை நிறுவுதல் வேண்டும். அடுத்து, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த திரை அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்கவர் நிழல்களும் அசைவுகளும் தடத்தை வீணே நிரப்பும். பின்னர் ஒவ்வொரு பயனாளருக்கும் தனிக் கணக்கும், சேமிப்பிற்கு ஒரு வரம்பும் ஏற்படுத்த வேண்டும். அதன்பின் வி.என்.சி. அல்லது எக்ஸ்ஆர்டிபி சேவையையும், அதன்முன் நுழைவாயில் மென்பொருளையும் அமைக்க வேண்டும். இறுதியாக, மறையீட்டுச் சான்றிதழைப் பொருத்தி, முகவரி ஒன்றை அறிவிக்க வேண்டும். மாணவன் செய்ய வேண்டியது அம்முகவரியை உலாவியில் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் தருவது மட்டுமே.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டாலும், கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தாலும், தொலைப் பொறியில் திறந்திருந்த பணி அப்படியே நிற்கும். மீண்டும் இணைந்ததும் விட்ட வரியிலிருந்து தொடரலாம். பள்ளியில் தொடங்கிய பயிற்சியை மாலையில் நூலகத்திலோ வீட்டிலோ முடிக்கலாம்.

பூட்டும் திறவுகோலும்

வசதி மிகுந்த இடத்தில் ஆபத்தும் மிகும். வி.என்.சி. சேவை பொதுவாக 5900 முதலான வாயில் எண்களில் காத்திருக்கும். அவற்றை இணையத்திற்கு நேரே திறந்துவிடுவது பெரும்பிழை. இணையமெங்கும் திறந்த வாயில்களைத் தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் உள்ளன. வி.என்.சி.யின் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கருத்தில் கொண்டது. திரையின் படமும் மறைக்கப்படாமலே சென்றது. ஆகவே அச்சேவை தன் பொறிக்குள் மட்டுமே செவிமடுக்கும்படி அமைத்து, வெளியுலகிற்கு மறையீடு கொண்ட 443 என்னும் ஒரே வாயிலைத் திறந்து வைத்தல் வேண்டும். கடவுச்சொல்லுடன், கைப்பேசியில் பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணையும் கேட்கும் இரட்டைச் சோதனை இன்றியமையாதது. மென்பொருள் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவது நிர்வாகியின் கடமை.

அலுவலர்கள் சட்டத்தின் தேவைகளையும் அறிந்திருக்க வேண்டும். 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணை, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு மீறல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள்கள் பேணவும் பணிக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதிற்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. தொலைப் பொறியின் நிர்வாகி விரும்பினால் எவர் கோப்பையும் காண முடியும் என்பதை மறத்தலாகாது. பிள்ளைகளின் எழுத்தும் மனுதாரரின் குறைகளும் அங்கேதான் இருக்கும். ஆகவே நிர்வாகி எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்பதற்கு எழுத்து வடிவிலான விதி வேண்டும்.

வரம்புகள்

இம்முறை எல்லாவற்றிற்கும் மருந்தன்று. படத்தொகுப்பு, முப்பரிமாண வரைகலை ஆகியவற்றிற்கு இது ஏற்றதன்று. இணைப்பு அறுந்தால் பணியும் நிற்கும். ஆகவே பள்ளிப் பொறிகளில் உள்ள லினக்ஸை அகற்றிவிடாமல், இன்றியமையாப் பணிகளை அங்கேயே செய்யும் வாய்ப்பையும் வைத்திருத்தல் அறிவுடைமை. பலரும் ஒரே பொறியை நம்பியிருப்பதால் அது பழுதுற்றால் அனைவரும் பாதிக்கப்படுவர். நாள்தோறும் வேறோரிடத்தில் நகல் எடுத்து வைப்பதும், மாற்றுப் பொறியொன்றை ஆயத்தமாக வைப்பதும் செலவாகாது, காப்பீடாகும். கைப்பேசியின் சிறு திரையில் முழுக் கணிப்பொறியை இயக்குவதும் கண்ணுக்குச் சிரமம். ஆதலின் நூலகங்களிலும் அட்சயா மையங்களிலும் உள்ள பழைய கணிப்பொறிகளை விற்றுவிடாது இதற்குப் பயன்படுத்துவதே சிறந்தது.

முடிவாக

மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. இழை வந்துகொண்டிருக்கிறது. லினக்ஸ் அறிந்த ஆசிரியரும் மாணவரும் உள்ளனர். எஞ்சியுள்ளவை, அருகில் ஒரு நல்ல பொறி, அதனைப் பொறுப்புடன் காக்கும் ஒரு நிர்வாகி, பயன்படுத்துவோரின் மொழியிலான வழிகாட்டுதல் ஆகியவையே. ஒரு பள்ளியில் ஒரு வகுப்பு, ஓர் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரிவு எனச் சிறிதாகத் தொடங்கி, தாமதத்தையும் செலவையும் அளந்து பார்த்து விரிவாக்குவது முறையாகும்.

ஒவ்வொரு வீட்டிற்கும் வலிமை மிக்க கணிப்பொறியை வாங்கித் தருவது எந்த அரசிற்கும் எளிதன்று. ஆனால் ஒரு பொறியின் வலிமையைப் பலர் பகிர்ந்துகொள்ள வழிசெய்வது அரிதன்று. பாறசாலையில் ஒரு பழைய கணிப்பொறியின் முன் அமரும் மாணவிக்குத் தலைநகரத்து மாணவி பெறும் அதே திரை, அதே கருவிகள், அவளுடைய தாய்மொழி எழுத்துகளுடன் கிடைக்குமாயின், 30 கிலோமீட்டர் என்பது அவளுக்கு ஒரு தடையாக இராது.